கரைவலைக்கு மேலே ஓர் ஆலா

நான் எடுத்த முதல் கடற்பறவைப் படத்தில் பறவையே இல்லை. ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்துக்கு அருகில் இருந்த ஒரு ஸ்டுடியோவில் பிலிமைக் கழுவக் கொடுத்திருந்தேன். வாங்கப் போனபோது, அங்கே டச்சிங் வேலை பார்ப்பவர் படத்தை இரண்டு கையாலும் பிரசாதம் போல நீட்டினார். கீழே ஒரு கீற்று மணல், அதன் மேல் ஒரு கோடு கடல், மீதியெல்லாம் வெறும் வானம்.

"வானம் பூரா தூசி அப்பிண்டிருந்ததும்மா. உக்காந்து ஒவ்வொண்ணா பென்சிலால அடைச்சேன். பெருமாள் கிருபையில ஒரு பொட்டுகூட பாக்கியில்லை, பாருங்கோ" என்றார்.

அந்தத் தூசிதான் என் பறவைகள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் காலத்தில் ஸ்டுடியோ என்றால் டச்சிங்தான். நெகடிவைக் கண்ணாடிப் பலகையில் வைத்து, ஊசியாகச் சீவிய பென்சிலால் முகத்துத் தழும்பு, பரு, கன்னத்துச் சுருக்கம் எல்லாவற்றையும் அடைத்துவிடுவார்கள். சஷ்டியப்தபூர்த்தி தம்பதி இவர் கையில் போய் வந்தால் புதுமாப்பிள்ளை, புதுப்பெண் மாதிரி வெளியே வருவார்கள். வெளுப்பான வானத்தில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தால் அவர் என்ன செய்வார்? இந்த நியாயமெல்லாம் இப்போது பேசுகிறேன். அன்றைக்கு நான் அந்தக் கடைக்குள் போட்ட சத்தத்தில், படத்துக்கு உட்கார்ந்திருந்த ஒரு குடும்பம் எழுந்து நின்றுவிட்டது.

"அது தூசி இல்லீங்க, பறவை! கோடியக்கரைக்குப் போய் எடுத்தது!"

அவர் பூதக்கண்ணாடியை வைத்து நெகடிவை வெகுநேரம் பார்த்தார். "பட்சியா? இத்தனூண்டா?" என்றார். பிறகு டர்பன்டைனைத் தொட்டுப் பென்சிலையெல்லாம் துடைத்தெடுத்து, காசு வாங்காமல் வேறு பிரதி போட்டுக் கொடுத்தார். தெருவில் வெயிலில் நின்று பார்த்தேன். பறவைகள் திரும்பி வந்திருந்தன. உண்மையைச் சொன்னால் தூசி மாதிரிதான் இருந்தன.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். குளிர்காலத்தில் எங்கிருந்தெல்லாமோ கடல் தாண்டி நம் கரைக்குப் பறவைகள் வருகின்றன, திங்கட்கிழமை போட்டோவே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று வகுப்பில் வீறாப்பாகச் சொல்லி வைத்திருந்தேன். சொன்ன வாக்குக்காகப் படத்தைக் கொண்டுபோனேன். பெஞ்சு பெஞ்சாகக் கைமாறிப் போனது. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், பாவம், நல்ல எண்ணத்தில், தாவணி முனையால் அதைத் துடைத்தாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்று சாயங்காலத்துக்குள் எனக்குத் 'தூசி டீச்சர்' என்று பெயர் வந்துவிட்டது. ஆசிரியர் அறை வரைக்கும் அது நடந்து வந்தது.

எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன், அல்லது பிடிவாதம் பிடிப்பேன். கத்தல் ஸ்டுடியோவிலேயே தீர்ந்துவிட்டது. டவுன் பஸ்ஸில் தென்னூர் வீட்டுக்குத் திரும்பி வரும்போது மனசுக்குள் ஒரே ஒரு வரிதான் ஓடியது. பார்க்கிற எவருக்கும் துடைக்கத் தோன்றாத ஒரு படம். ஒரே ஒரு பறவை, முழுசாக, பெரிசாக. அதை எடுக்காமல் விடுவதில்லை.

திருச்சிக்காரிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் ரயில்வே பாஸ். என் வீட்டுக்காரர் பொன்மலை ஒர்க்ஷாப்பில் பிட்டர். காலமாகிவிட்ட மாமனாருக்குத் தை அமாவாசையன்று கோடியக்கரையில் கடலாடித் தர்ப்பணம் செய்வது அவர்கள் வழக்கம். தஞ்சாவூர், திருவாரூர், திருத்துறைப்பூண்டி என்று வண்டி மாறி மாறிப் போவோம். ஒரு வருஷம், அவர் ஈர வேட்டியோடு உட்கார்ந்து எள்ளும் தண்ணீரும் விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், நான் சும்மா கரையோரம் நடந்தேன். அங்கேதான் அந்தப் பறவையைப் பார்த்தேன். வெள்ளை உடம்பு, கத்தி மாதிரி சிறகு, தலையில் கலைந்த கறுப்புக் கொண்டை, மஞ்சள் அலகு. ஒரு இடத்தில் நிற்காது. காற்றில் அலைந்துகொண்டே இருந்து, திடீரென்று சிறகை மடக்கித் தண்ணீருக்குள் தலைகீழாக விழும்.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாளிடம் அதன் பெயரைக் கேட்டேன்.

"அதுவா? ஆலா."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் ஓடவில்லை. லால்குடியில் என் அம்மா என்னைத் திட்டாத நாளில்லை. "ஏண்டி இப்படி முறுக்குக்கு ஆலாப் பறக்கிற?" ஆலா என்றால் ஏதோ பரபரப்புக்கு ஒரு சத்தம் என்றே நினைத்திருந்தேன். ஊர் பூராவும், கடலையே பார்க்காத சனங்கள், நாள் தவறாமல் ஒரு கடற்பறவையின் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கிறோம். உயிரியல் படித்த எனக்கே அது பறவை என்று தெரியாது. கரையில் நின்று தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இதைப் படம் எடுத்தாக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

காமிரா எங்களிடம் முன்பே இருந்தது. பொன்மலையில் இவரோடு வேலை பார்த்த ஒரு சட்டைக்காரர், ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு கப்பலேறி ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன மடிப்புக் காமிரா. திறந்தால் துருத்தி மாதிரி முன்னால் நீளும். முதுகில் சின்னச் சிவப்புக் கண்ணாடி, அதில் எண் தெரியத் தெரிய பிலிமைச் சுற்ற வேண்டும். கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் அருமையான காமிரா. பறவைக்கு அதைப்போல ஆகாதது வேறில்லை. பத்தடியில் இருக்கும் காக்கையே அதில் கட்டெறும்பாகத்தான் விழும். அதைத்தான் டச்சிங்காரர் எனக்குப் புரியவைத்திருந்தார்.

அடுத்த குளிர்காலம் முழுக்கக் கோமாளித்தனம். பாஸும் லீவும் சேர்ந்த இரண்டு தடவை போனோம். ஆலாக்கள் ஈர மணல்திட்டில் ஓய்வெடுக்கும்போது தவழ்ந்து போய்ப் பிடிக்கலாம் என்று சேறும் சகதியுமாகத் தவழ்ந்தேன். எனக்கு முழங்கை சிராய்த்த நேரத்துக்கு அவை எழுந்து அடுத்த திட்டுக்குப் போய்விட்டன. தென்னங்கீற்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். காக்கைகள்தான் வந்து மேலே உட்கார்ந்தன. பூநாரைக் கூட்டத்தை எடுத்தேன். கறுப்பு வெள்ளையில் அந்த ரோஸ் நிறமும் போய், வேலியில் துணி காயப்போட்ட மாதிரி வந்தது. ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், முதுகு காட்டித் துள்ளின. நான் பொத்தானை அமுக்குவதற்குள் முதுகு போய் அலைதான் விழுந்தது. நன்றாக வந்தது ஒரே ஒரு படம். அது கரையில் ஒதுங்கிய செத்த ஆமை. அது ஓடவில்லை.

என் வீட்டுக்காரர் இவ்வளவுக்கும் குடையைப் பிடித்துக்கொண்டு தூரத்தில் மணல்மேட்டில் உட்கார்ந்திருப்பார். எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, கிட்டே வந்ததும் இல்லை. அவருக்குக் கவிச்சி ஆகாது. அவர்கள் வீடு அப்படி. மீன்காரி தெருமுனையில் குரல் கொடுத்தாலே ஜன்னலைச் சாத்திவிடுவார்கள். என் வீடும் சைவம்தான், ஆனால் நாங்கள் ஜன்னல் வரைக்கும் போகமாட்டோம். அவருடைய அக்காதான் அந்த வீட்டுக்கு எல்லாம், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தாய்க்குத் தாயாக நின்று அவரை வளர்த்தவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் குடத்தைத் தானே ஒருதரம் விளக்கிவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார்.

மூன்றாவது குளிர்காலத்தில் பிலிமே கிடைக்கவில்லை. வெளிநாட்டுச் சரக்கு வரத்து நின்றுபோயிருந்தது. பெரிய கடைவீதியில் ஒரு கடைக்காரர், "இதாங்க கடைசி ரோல். இனி எப்ப வரும்னு என்கிட்ட கேக்காதீங்க" என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். எட்டுப் படம். காமிராவின் துருத்தியிலும் ஓட்டை விழுந்து, என் வீட்டுக்காரர் சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டிக் கொடுத்திருந்தார். இந்த எட்டில் எடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் காலமெல்லாம் தூசி டீச்சர்தான்.

இந்தத் தடவை தவழ்வதில்லை என்று முடிவு செய்திருந்தேன். பறவையைத் துரத்தினால் போய்விடுகிறது. அதற்கு வேண்டியது இருக்கும் இடத்தில் நான் நின்றால் அது வரத்தானே வேண்டும்? குளிர்காலத்தில் வெளியூர் மீனவர்கள் வந்து குடிசை போட்டுக் கரைவலை இழுப்பார்கள். விடியலில் படகில் கொண்டுபோய் வலையைப் பெரிய வளைவாக விட்டுவிட்டு, அதன் இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுப்பார்கள். வலை கிட்டே வரவர ஆலாக்கள் அதன் மேலே கூடிவிடும். தலைக்கு மேலேயே பறக்கும். நேரே போய்க் கயிற்றுக்குப் பக்கத்தில் காமிராவோடு நின்றேன்.

முன்வரிசையில் நின்ற மேஸ்திரி இழுப்பை நிறுத்தாமலே கத்தினார். "அம்மா, கவுத்துக்கிட்ட நின்னா கை வைக்கணும். வேடிக்கை பாக்குறவங்க மேட்டுக்குப் போயிடுங்க."

"நான் பறவையைப் போட்டோ எடுக்கணுங்க. கை வச்சா எப்படி எடுக்கிறது?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க. கை வைக்காத ஆளு கவுத்துக்கிட்ட நின்னா எங்களுக்கு ஆவாது."

மேட்டுக்குப் போனால் மறுபடியும் கட்டெறும்பு. நான் என்ன சொல்லிக் கெஞ்சலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது.

"அவங்களுக்குப் பதிலா நான் இழுக்குறேன்."

திரும்பினேன். குடையை மணலில் குத்திவைத்துவிட்டு, சட்டையைக் கழற்றிக் குடையின் மேல் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கவே இல்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரிசைக்குள் புகுந்து, நாறும் ஈரக் கயிற்றில் இரண்டு கையையும் வைத்தார்.

வலை மெல்ல வந்தது. ஆலாக்கள் வந்தன. நான் நினைத்ததற்கும் மேலே வந்தன. என் தலைக்கு மேலே கிறீச் கிறீச் என்று, காற்றையே அறுத்துக்கொண்டு. ஒன்றைக் காமிராவின் கண்ணுக்குள் கொண்டுவருவதற்குள் அது வெளியே போய்விடும். அமுக்கினேன். சுற்றினேன். அமுக்கினேன். ஒன்றில் சிறகு மட்டும் இருந்திருக்கும், ஒன்றில் வால். வலை கரையேறியதும் ஒரே கூச்சலும் கும்பலும். பறவைகள் விலகிப் போய்விட்டன. சிவப்புக் கண்ணாடியில் பார்த்தேன். ஆறாவது படம் முடிந்திருந்தது. மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் வந்தார். உள்ளங்கை இரண்டும் சிவந்து கிடந்தது. பின்னாலேயே மேஸ்திரி ஒரு ஓலைக்கொட்டானைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். அதில் மத்தி மீன், இன்னும் துடித்துக்கொண்டு.

"உங்க பங்குங்க."

"ஐயோ, எங்களுக்கு வேண்டாங்க. நாங்க சைவம்."

மேஸ்திரியின் முகம் மாறிவிட்டது. "அப்படிச் சொல்லாதீங்க அய்யா. கை வச்ச ஆளுக்குப் பங்கு கொடுக்காம அனுப்புனா நாளைக்கு வலையில மீனு ஏறாது. திங்கிறீங்களோ, யாருக்காச்சும் குடுக்கிறீங்களோ, எடுத்துக்கிட்டுப் போயிருங்க."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொட்டானைத் தூக்கினார். உடம்பில் படாமல், கையை நீட்டி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு கரையோரமாக நடந்தார். நான் குடையையும் சட்டையையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போயிருப்போம். ஒரு ஆலா எங்கள் மேலேயே வந்து நின்றது. நின்றது என்றால், சிறகை அடித்துக்கொண்டு ஒரே இடத்தில். கொட்டானைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"இதுக்கு வேணும் போலிருக்கு" என்றார்.

"குடுங்க, நான் போடுறேன்."

"நீ போட்டா யாரு எடுப்பா?"

கொட்டானைக் கீழே வைத்தார். கையை உள்ளே விட்டார். ஒரு மீனை வாலைப் பிடித்து எடுத்துத் தண்ணீர்ப் பக்கமாக எறிந்தார். ஆலா விழுந்து கவ்விக்கொண்டு போனது. நான் அமுக்கினேன், ஆனால் எனக்கே தெரிந்தது, பிந்திவிட்டது. அதற்குள் இன்னும் இரண்டு வந்துவிட்டன. பிலிமைச் சுற்றினேன். எட்டாம் எண் வந்து நின்றது.

"கடைசிங்க" என்றேன்.

அவர் இன்னொரு மீனை எடுத்தார். இந்தத் தடவை எறியவில்லை. கையை உயரத் தூக்கி, அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவர் தோளுக்குக் கீழே போய் மண்டியிட்டேன். ஒரு ஆலா சுற்றி வந்தது. மறுபடி சுற்றியது. மூன்றாவது சுற்றில் நேரே இறங்கியது, சிறகு இரண்டும் விரிந்து, கொண்டை சிலிர்த்து, அலகைத் திறந்துகொண்டு. காமிராவின் கண் முழுக்கப் பறவை. அமுக்கினேன்.

மிச்ச மீனையெல்லாம் அவரே ஒவ்வொன்றாகப் போட்டுத் தீர்த்தார். பிறகு கடலில் இறங்கி, மணலை அள்ளி அள்ளிக் கையைத் தேய்த்தார். திரும்பும் ரயிலில் நான் கட்டிக்கொண்டு போயிருந்த புளிசாதத்தை அவர் தொடவில்லை. கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி வைத்துக்கொண்டே திருவாரூர் வரைக்கும் வந்தார்.

ஸ்டுடியோவில் பிலிமைக் கொடுக்கும்போதே, எந்தப் பொட்டையும் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். டச்சிங்காரர் காதைத் தொட்டுக்கொண்டார். வாங்கப் போன அன்று, எட்டாவது படத்தைப் பெரிதாக்கி என் முன்னால் வைத்தார். ஆலா. படத்தின் குறுக்காக, சிறகு நுனி வரைக்கும். கண்ணில் வெயிலின் பொட்டுகூட இருந்தது. கீழ் ஓரத்தில் மணிக்கட்டு வரை ஒரு கை. ஒர்க்ஷாப்பில் இயந்திரம் கடித்து நுனி போன ஆள்காட்டி விரலும், அதன் பிடியில் ஒரு மீனும்.

நான் அழுதுவிட்டேன். நாலுபேர் இருக்கிற கடையில் வாய்விட்டு அழுதேன்.

டச்சிங்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்கோ. கையில மத்ஸ்யம் தெரியறது. கூடத்துல மாட்டற படமாச்சே. பிரதியில மட்டும் எடுத்துடட்டுமா? பட்சிக்கு ஒரு பங்கமும் வராது. சும்மா கையைத் தூக்கிண்டு நிக்கறாப்போல ஆயிடும்."

வேண்டாம் என்று உடனே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாசிக்கு அண்ணி லால்குடியிலிருந்து வருவதாக இருந்தார். அந்த விரலை அவருக்குத் தெரியாதா? கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று படத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் அவர் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். டச்சிங்காரர் சொன்னதைச் சொன்னேன்.

"இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டம் போட்டுக் கொண்டுவந்து கூடத்தில் அவரே ஆணி அடித்தார்.

பள்ளிக்கூடத்துக்கும் ஒரு பிரதி கொண்டுபோனேன். எந்தப் பெண்ணும் அதைத் துடைக்கவில்லை. பெஞ்சிலிருந்து பெஞ்சுக்குப் போக அது வெகுநேரம் எடுத்துக்கொண்டது. வகுப்பில் அத்தனை அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்று அன்றைக்கு நினைத்தேன்.

அண்ணி மாசியில் வந்தார். பையை வைத்துவிட்டு நிமிர்ந்தவர் கண்ணில் முதலில் பட்டதே படம்தான். கிட்டே போனார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். நான் அடுப்படி வாசலில் காபி டம்ளரோடு நின்றேன்.

"தம்பி, இது உன் கைதானே?"

"ஆமாக்கா."

"கையில என்ன?"

"மீனு."

அண்ணி திரும்பாமலே கேட்டார். "இப்பல்லாம் படத்துல எதை வேணும்னாலும் எடுத்துடுவாங்களாமே. அந்த மீனை எடுத்துடச் சொல்லக் கூடாதா?"

அவருக்கு முன்னால் குரலை உயர்த்தி என் வீட்டுக்காரர் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்கும் உயர்த்தவில்லை.

"எடுத்துடலாங்க்கா. ஆனா மீனு இல்லேன்னா அந்தப் பறவை எதுக்கு அங்க வந்துச்சுன்னு யாருக்கும் தெரியாதே."

அண்ணி காபி வேண்டாம் என்றார். தண்ணீரும் வேண்டாம் என்றார். வந்த பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். இவர் ஓடிப்போய் அந்தப் பையை வாங்கிக்கொண்டு, லால்குடி பஸ்ஸில் ஏற்றிவிடப் பின்னாலேயே போனார். நான் ஆறிப்போன காபியோடு படத்துக்கு எதிரே நின்றேன். அதுவரைக்கும் அந்தப் படத்தை எடுத்தது நான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.